ஏசி கேஸ் எங்கே போகிறது?

சித்திரை பிறந்தால் போதும், தமிழ்நாட்டில் கார் ஏசி கடைகளின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். வருபவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: “கூலிங் வரல, கேஸ் ஏத்தணும்.” கடைக்காரரும் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார், சிலிண்டரைத் திறந்துவிடுகிறார், கால் மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார். காற்று சில்லென்று வருகிறது. அடுத்த கோடையில் அதே வண்டி அதே வாசலில் வந்து நிற்கிறது.

இப்படியே பழகி, வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் ஏற்றுவது இன்ஜின் ஆயில் மாற்றுவதுபோல ஒரு வழக்கமான வேலை என்று நிறைய பேர் நம்பிவிட்டார்கள். அது உண்மை இல்லை. பெட்ரோல் எரிந்து தீர்கிறது, பிரேக் பேட் தேய்ந்து தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. தொழிற்சாலையில் அடைத்த அதே கேஸ்தான் மூடிய குழாய்களுக்குள் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது. அந்த வழியைத் தேடாமல் மறுபடி ஏற்றுவது காசையும் கம்ப்ரஸரையும் சேர்த்து வீணாக்குகிற வேலை.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சானிடைசரைக் கையில் ஊற்றினால் அது ஆவியாகிப் போகும்போது தோல் சில்லிடுகிறது அல்லவா, அதே சங்கதிதான் இங்கேயும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவத்திலிருந்து ஆவியாக மாறும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வு வழியாகத் திரும்பக் கூலிங் காயிலுக்கு வருகிறது. காயில் பக்கம் அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். கண்டென்சர் பக்கம் நம் ஊர் மே மாத வெயிலில் 230 பிஎஸ்ஐயைத் தாண்டுவது சாதாரணம்.

கடலோர ஊர்களில் இந்தக் காயிலுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அதைப் 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராமுக்கு மேல் அந்தக் காற்றால் தாங்க முடியாது, மீதி காயிலின் மேல் தண்ணீராகப் படிகிறது. வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருப்பது அந்தத் தண்ணீர்தான். ஆவியைத் தண்ணீராக்கவே ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது. அதனால் ஒரே வண்டி, ஒரே வெப்பநிலை என்றாலும், வறண்ட சேலத்துக்கும் புழுங்கும் சென்னைக்கும் குளிர்ச்சியில் வித்தியாசம் தெரியும். இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, கேஸ் எங்கே போகிறது? கொஞ்சம் இயல்பாகவே கசியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் மிக மெதுவாகக் கேஸ் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த விதி, ஒற்றைக் காயில் உள்ள கார்களுக்கு வருஷத்துக்கு 40 கிராம் கசிவு என்று உச்சவரம்பு வைத்தது. நம்மூர்ச் சிறிய கார்களில் மொத்தக் கேஸே பொதுவாக 350 முதல் 500 கிராம் வரைதான். அந்த உச்சவரம்பு அளவுக்கே கசிந்தாலும், குளிர்ச்சி குறைவது தெரிய இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். நல்ல நிலையில் உள்ள வண்டி இன்னும் பல வருஷம் தாங்கும். ஆகவே ஏழெட்டு வருஷ வண்டியில் முதல்முறையாகக் கேஸ் குறைந்திருந்தால் அதை இயற்கைக் கசிவு என்று ஏற்றுக்கொள்ளலாம். போன வருஷம் ஏற்றிய கேஸ் இந்த வருஷம் காணோம் என்றால் அது ஓட்டை, சந்தேகமே வேண்டாம்.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பல நேரங்களில் ஒரு டார்ச் லைட்டே போதும். கம்ப்ரஸருக்கான ஆயில் தனியாக ஒரு தொட்டியில் இருப்பதில்லை, கேஸோடு சேர்ந்து குழாய் முழுக்கச் சுற்றுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் துளித்துளியாக வெளியே வரும். கேஸ் காற்றில் கலந்துவிடும், ஆயில் அங்கேயே தங்கி ரோட்டுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து அலுமினியக் குழாய்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்ற இடங்களில் உலர்ந்த சாம்பல் நிறப் புழுதி இருக்க, ஓர் இணைப்பைச் சுற்றி மட்டும் கறுப்பாக, ஈரப்பசையோடு அழுக்கு அப்பியிருந்தால் உள்ளே இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச்சுக்குப் பின்னால் விசிறியடித்ததுபோல ஆயில் தெறித்திருந்தால் தண்டின் சீல். கண்டென்சரின் முகத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஈரக்கறை தெரிந்தால் கல் பட்ட ஓட்டையாக இருக்கலாம், உப்புக்காற்று அரித்த ஓட்டையாகவும் இருக்கலாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் தொட்டாலே உதிர்கிற நிலைக்கு வருவதுண்டு.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை என்றால் அது பெரும்பாலும் கூலிங் காயிலில்தான் இருக்கும். இதுதான் வண்டிக்காரர் பயப்படும் இடம், ஏனென்றால் பல மாடல்களில் டாஷ்போர்டையே இறக்கியாக வேண்டும். காயில் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, அதன் மேல் தூசியும் இலைத்துகளும் படிகின்றன, மட்கிய குப்பையிலிருந்து உருவாகும் அமிலம் அலுமினியத்தை மெல்ல அரிக்கிறது. வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்தும் வண்டிகளில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று நுழைவாயில் இலையால் அடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போட்டாலே காயிலுக்கு நல்லது. கேபின் ஃபில்டரும் இந்தக் குப்பையைத் தடுக்கத்தான் இருக்கிறது. சில மாடல்களின் அடிநிலை வகைகளில் அதற்கான இடம் மட்டும் விட்டிருப்பார்கள், ஃபில்டர் இருக்காது. க்ளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்து, இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டுவிடுவது மிக நல்ல செலவு.

கடையில் லீக் பார்க்க முறையான வழிகள் உண்டு. இருக்கும் கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் பார்ப்பார்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவுவார்கள். மிக மெல்லிய கசிவுக்கு, ஒளிரும் சாயத்தைக் கலந்துவிட்டுச் சில நாள் ஓட்டச் சொல்லி, அப்புறம் புற ஊதா விளக்கில் தேடுவார்கள். கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும். நைட்ரஜன் சோதனை செய்கிற கடையை நம்பலாம் என்பது என் கருத்து. அதற்கு மெனக்கெடுகிறவர் மற்ற வேலைகளிலும் அவசரப்பட மாட்டார்.

பொதுவாக நடக்கும் உரையாடலோ இப்படித்தான் இருக்கிறது:

“சார், கேஸ் கம்மியா இருக்கு. ஏத்திடலாமா?”

“எவ்வளவு கம்மின்னு தெரியுமா அண்ணே?”

“மீட்டர்ல இறங்கியிருக்கு சார், அதான் பாத்தேன்ல.”

மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் அது காட்டுவது அழுத்தத்தை, எடையை அல்ல. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கம்ப்ரஸர் ஓடாமல் நிற்கும்போது, குழாய்க்குள் கொஞ்சமேனும் திரவம் மிச்சம் இருக்கும் வரை, அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமையும். 32 டிகிரியில் அது ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ. உள்ளே இருப்பது 400 கிராமானாலும் 200 கிராமானாலும் அதே 100 தான். ஓடும்போது காட்டும் அழுத்தமோ வெயில், இன்ஜின் வேகம், கண்டென்சரின் சுத்தம், ஃபேனின் வேகம் என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அழுத்தத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் அளவு கூடவோ குறையவோ போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கூடினாலும் தப்பு என்பதுதான் நம் ஆட்கள் நம்ப மறுக்கும் விஷயம். “இன்னும் கொஞ்சம் போடுங்க, நல்லா ஜில்லுன்னு வரட்டும்” என்று வண்டிக்காரரே கேட்பதுண்டு. கேஸ் அதிகமானால் கண்டென்சரின் கீழ்ப்பகுதி திரவத்தால் நிறைந்துவிடும், வெப்பத்தை வெளியேற்ற இடம் குறையும், அழுத்தம் ஏறும், குளிர்ச்சி இறங்கும், இன்ஜின் இழுவையும் மந்தமாகும். சரியான அளவு பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கிறது. ஆகவே முறையான வேலை என்பது உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, வேக்யூம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் வைத்து ஏற்றுவது. மிச்சம் எவ்வளவு இருந்தது என்பதும் எடுக்கும்போதே எடையாகத் தெரிந்துவிடும். 420 கிராமில் 150 கிராம்தான் இருந்தது என்று தெரிந்தால், எந்த வேகத்தில் கசிகிறது என்று கணக்குப் போட முடியும். பில்லில் அந்த இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை ஏதாவது கோளாறு வந்தால் அதுதான் முதல் தடயம்.

வேக்யூம் போடுவதைச் சடங்காக நினைத்துப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் வேக்யூம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. குழாயைத் திறந்த கணத்தில் ஈரக்காற்று உள்ளே போய்விடுகிறது. தண்ணீர் கேஸோடு சேர்ந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அதை வெளியேற்ற ஒரே வழி, அழுத்தத்தைக் குறைத்து அந்த ஈரத்தை உள்ளேயே கொதிக்க வைப்பது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். நல்ல பம்ப்புக்கே அரை மணி நேரமாவது வேண்டும். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று பத்து நிமிஷம் பார்ப்பதும் அதில் சேர்த்தி. காயில், கண்டென்சர் என்று எதை மாற்றினாலும் டிரையரையும் மாற்றச் சொல்வதும் இதே ஈரத்துக்குப் பயந்துதான்.

கேஸ் பாதிக்குக் கீழே இறங்கிய வண்டியை “இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று ஓட்டுவதுதான் கம்ப்ரஸருக்கு எமன். கேஸ்தானே ஆயிலைச் சுமந்து வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வராது, கம்ப்ரஸர் காய்ந்து தேயும். அதைத் தடுக்கத்தான் அழுத்தம் குறைந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சில இடங்களில் அந்த ஸ்விட்ச்சையே ஒயர் போட்டு ‘டைரக்ட்’ செய்துவிடுகிறார்கள். அன்றைக்குக் குளிர்ச்சி வரும், ஆனால் பிறகு கம்ப்ரஸர் பிடித்துக்கொண்டு, உலோகத்தூள் குழாய் முழுக்கப் பரவி, கண்டென்சர் உட்பட எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். இன்றைய கண்டென்சர்களின் துவாரங்கள் மிக நுண்ணியவை, தூள் அடைத்தால் கழுவி எடுக்க முடியாது. எதற்காகவும் இந்த ‘டைரக்ட்’ வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

குளிர்ச்சி குறைவதற்கெல்லாம் கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர் ஃபேனை, அல்லது கண்டென்சரில் அடைந்த மண்ணை. ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் குட்டு வெளிப்படுகிறது. கண்டென்சரை மெல்லிய தண்ணீர் வீச்சில் கழுவினாலே பல வண்டிகள் தேறிவிடும். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்காரர் முழு வேகத்தில் குழாயைப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும். இன்னொரு வகை: கிளம்பி ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் காற்றின் அளவே குறைந்துகொண்டு வரும், ஏசியைப் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுப் போட்டால் சரியாகிவிடும். இது காயிலில் ஐஸ் கட்டுவது. பெரும்பாலும் வெப்பநிலை உணரி கெட்டிருக்கும், அல்லது ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கும். காருக்குள் காற்று வீசும் ஃபேன் நாலாவது வேகத்தில் மட்டும் ஓடுகிறது என்றால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெஸிஸ்டர் போயிருக்கிறது, அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. முன்சீட்டில் காலடி மிதியடி நனைந்திருந்தால் காயில் தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைத்திருக்கிறது, கீழிருந்து காற்றடித்தாலே திறந்துகொள்ளும்.

ஏசி போட்டதும் வரும் ஊறின துணி வாடை பூஞ்சையும் பாக்டீரியாவும் காயிலில் குடியேறியதன் அடையாளம். வாசனை ஸ்ப்ரே அதை மறைக்கும், போக்காது. வீடு போய்ச் சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்து ஃபேனை ஓடவிட்டால் காயில் கொஞ்சம் உலரும், வாடை வருவது தள்ளிப்போகும். ஏற்கெனவே வந்துவிட்டால் காயிலை நுரைக் கிளீனர் கொண்டு கழுவச் சொல்லலாம். மழைக்காலத்தில் ஏசியே போடாமல் விடுகிறவர்களும் வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும், கம்ப்ரஸர் சீல் ஆயிலில் நனைந்தபடி இருந்தால்தான் சுருங்காது. மூடிய ஷெட்டுக்குள்ளோ ஓரிடத்தில் நிறுத்தியோ இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

விலை குறைவு என்று அடையாளம் தெரியாத கேனிலிருந்து ஏற்றுவதைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆர்-134ஏ என்ற பெயரில் எரியும் எல்பிஜி வகைக் கலவைகள் விற்கப்படுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. அதைவிட மோசமானது மெத்தில் குளோரைடு கலந்த போலி. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் ஒரு சேர்மத்தை உருவாக்கும். 2011இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்துத் துறைமுகத் தொழிலாளர்கள் இறந்ததற்கு இந்தப் போலிக் கேஸே காரணம் என்று தெரியவந்தது. கார் ஏசியில் கூலிங் காயில் பயணிகளின் முழங்காலுக்கு எதிரே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க மனம் வராது.

கேஸ் வெளியே போவது வண்டிக்காரரோடு முடிகிற விஷயமும் அல்ல. முன்பு கார்களில் இருந்தது ஆர்-12. அந்த வகை கேஸ்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் 1974இல் எழுதினார்கள், 1987இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1990களில் உலகக் கார்கள் ஆர்-134ஏக்கு மாறின. இது ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு. 400 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால், சிறிய பெட்ரோல் கார் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி விடும் புகைக்குச் சமம். கேஸ் ஏற்றும் வால்வின் ஊசியை அழுத்தி ‘புஸ்’ என்று வெளியே விடுவது நம் கடைகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது. உறிஞ்சிச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றும் இயந்திரம் வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன, கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அங்கே போகலாம். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ கிடையாது, பெரும்பாலும் வெப்பத்தை மிகக் குறைவாகப் பிடித்து வைக்கும் ஆர்-1234ஒய்எஃப் தான். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை 2021இல் ஏற்றுக்கொண்ட இந்தியாவும் 2032இலிருந்து இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் கம்ப்ரஸரைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, உயர் மின்னழுத்த மோட்டார், அந்த மோட்டாரின் சுருள்கள் கேஸிலும் ஆயிலிலும் நனைந்தே இருக்கின்றன. அதனால் சாதாரணக் கார்களில் போடும் பிஏஜி ஆயில் இங்கே கூடாது, மின்சாரத்தை எளிதில் கடத்தாத பிஓஇ ஆயில்தான் பொதுவாக ஊற்றப்படுகிறது. சாதாரண வண்டிக்குப் பயன்படுத்திய ஹோஸில் மிச்சமிருக்கும் கொஞ்சம் ஆயில் உள்ளே போனால்கூட மின்காப்பு பலவீனமாகலாம். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான். அந்த வண்டிகளில் கேஸ் குறைந்தால் கோடையில் ஃபாஸ்ட் சார்ஜிங்கும் மெதுவாகும். ஆகவே மின்சாரக் காரை ஏசி வேலைக்கு விடும்போது, அதற்கென்று தனி மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.